மூன்று டபிள்யூவும் மாமியின் நீலப் பேனாவும்

என் மாமி ஒருவர் திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் நான்கு அறைகளை வைத்து விருந்தினர் விடுதி நடத்துகிறார். போன வருடம் சீசன் தொடங்குவதற்குச் சற்று முன்னர் ஐந்நூறு விசிட்டிங் கார்ட் அடித்துத் தரும்படி கேட்டார். நகருக்குள் டிசைன் செய்து அச்சடித்துக் கொடுக்கும் சிறிய கடை என்னுடையது. சொந்தக்காரருக்குச் செய்யும் வேலை என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே மினுக்கினேன். விடுதியின் பெயர் நீளமானது. இணைய முகவரியை முழுதாகப் போட்டால் கார்டின் விளிம்பை முட்டியது. எழுத்தைச் சிறிதாக்க மனமில்லை. முன்னால் நின்ற மூன்று டபிள்யூவையும் அதற்கடுத்த புள்ளியையும் வெட்டி எறிந்தேன். கார்டுக்கு அப்போதுதான் ஒரு களை வந்தது.

கையில் வாங்கியதும் மாமி முதலில் கேட்டது அதைத்தான்.

"தம்பி, மூன்று டபிள்யூ எங்கே?"

"இந்தக் காலத்தில் அதை யார் மாமி போடுகிறார்கள்? இல்லாமலே வேலை செய்யும்" என்றேன்.

வேலை செய்யவில்லை. இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. நிலாவெளிப் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி நேரில் வந்து, கார்டைக் காட்டி, இந்த முகவரி திறக்கவே இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். நான் கடையில் இருந்தபடியே தட்டிப் பார்த்தேன். தளத்தை அடைய முடியவில்லை என்று ஒரு வெறும் பக்கம் வந்தது. மூன்று டபிள்யூவைச் சேர்த்துத் தட்டினேன். மாமியின் முற்றம், முருங்கை மரம், அதற்குப் பின்னால் கடல், எல்லாம் அழகாக வந்து நின்றன. தளத்தைச் செய்து கொடுத்த இளைஞர் டபிள்யூ உள்ள பெயருக்கு மட்டும் வழி வைத்திருந்தார். வெறும் பெயருக்கு வழியே இல்லை. அவர் செய்தது அரைகுறை வேலை. தட்டிப் பாராமல் வெட்டியது என் மடத்தனம்.

திரும்ப அடித்துத் தருகிறேன் என்றேன். காசைக் கரியாக்காதே என்று மறுத்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் விறாந்தையில் பாயை விரித்து உட்கார்ந்து, மிச்சமிருந்த முந்நூற்றுச் சொச்சம் கார்டுகளிலும் நீலப் பேனாவால் தன் கைப்படவே மூன்று டபிள்யூ எழுதினார். அந்தக் காலத்துப் பள்ளிக்கூடக் கூட்டெழுத்து. மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சிறுபிள்ளை வரைந்த அலை மாதிரி இருந்தன. இடம் போதாத கார்டுகளில் முதல் டபிள்யூ பாதி விளிம்போடு போயிற்று. சிலவற்றில் புள்ளி வைக்க மறந்துவிட்டார். அவற்றைத் தேடியெடுத்துப் புள்ளி வைத்தது என் தண்டனை.

அன்றிலிருந்து நான் இருக்கட்டும் கட்சி. பலகையிலும் கார்டிலும் பனரிலும் மூன்று டபிள்யூ இருக்கட்டும்.

வேண்டாம் கட்சியில் என் நண்பர்கள் பலர் இருக்கிறார்கள். கணினித் துறையில் வேலை செய்பவர்களுக்கு இந்த மூன்று எழுத்தைக் கண்டாலே கிழவனின் கோட்டைக் கண்டது போல ஒரு சிரிப்பு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. உச்சரித்துப் பாருங்கள். 'வேர்ல்ட் வைட் வெப்' என்றால் மூன்று அசை. அதன் சுருக்கமான 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ' ஒன்பது அசை. விரிவைவிடச் சுருக்கம் மூன்று மடங்கு நீளம்! பொத்தான் கைப்பேசிக் காலத்தில் இது பெரிய வதை. ஒன்பதாம் பொத்தானை ஒரு முறை அழுத்தினால் டபிள்யூ. பொறுமையில்லாமல் மூன்று முறை தொடர்ந்து அழுத்தினால் 'வை' என்ற ஒரேயொரு ஆங்கில எழுத்துத்தான் வரும். ஒவ்வொன்றுக்கும் இடையில் காத்திருக்க வேண்டும்.

போதாததற்கு, உலகின் முதல் இணையத்தளத்துக்கே மூன்று டபிள்யூ கிடையாது. டிம் பேர்னர்ஸ் லீ 1989 இல் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் இருந்துகொண்டு இந்த வலைக்கான யோசனையை எழுதினார். அங்கே எழுந்த முதல் தளத்தின் முகவரி 'இன்ஃபோ' என்று தொடங்கியது. மூன்று டபிள்யூவை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. அது பழக்கத்தில் வந்து ஒட்டியது. அந்த நாட்களில் ஒரு பல்கலைக்கழகத்தில் கடிதத்துக்கு ஒரு கணினி, கோப்புப் பரிமாற்றத்துக்கு ஒரு கணினி என்று தனித்தனியாக இருக்கும். கச்சேரிக்கு, அதாவது அரசாங்கச் செயலகத்துக்குப் போனால் ஓய்வூதியத்துக்கு ஒரு யன்னல், வாகன வரிக்கு ஒரு யன்னல் இருப்பது மாதிரி. ஒவ்வொரு கணினிக்கும் அது செய்யும் வேலையே பெயர். வலைப்பக்கங்களைக் கொடுக்கும் கணினிக்கு வைத்த பெயர்தான் மூன்று டபிள்யூ. இன்று பெரும்பாலானோருக்கு அந்த நிறுவனத்தில் தெரிந்த யன்னல் அது ஒன்றுதான். பிறகு எதற்கு யன்னலின் பெயர் என்பது அவர்கள் கேள்வி.

நல்ல கேள்விதான். ஆனால் எங்கள் ஊரில் இருந்துகொண்டு முன்னொட்டு எதற்கு என்று கேட்கக் கூடாது. சம்பந்தர் தேவாரத்தில் கோணமாமலை என்று பாடினார். நாம் திருவைச் சேர்த்துத்தான் சொல்கிறோம், எழுதுகிறோம். திருகோணமலையா, நடுவில் ஒரு க் போட்டுத் திருக்கோணமலையா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. பனர் அடிக்கும் எனக்குத்தான் அந்தத் தலைவலி தெரியும். பேச்சில் எல்லோருக்கும் திருமலை. கவனித்தீர்களா? சுருக்க வேண்டி வந்தபோது கோணத்தை விழுங்கிவிட்டுத் திருவைப் பத்திரமாக வைத்துக்கொண்டோம். (இந்தியாவுக்குப் போய் அப்படிச் சொல்லிவிடாதீர்கள். திருப்பதிக்கு டிக்கெட் கொடுத்துவிடுவார்கள்.)

எந்த எழுத்துக்கூட்டலில் எழுதினாலும் எங்கள் தபால்காரர் கடிதத்தைக் கொண்டுவந்து போட்டுவிடுவார். இணையப் பெயர்களை அந்தந்தக் கணினியின் எண்களாக மாற்றிக் கொடுக்கும் டிஎன்எஸ் ஏற்பாட்டுக்கு அந்தத் தாராளம் கிடையாது. அதற்குக் கோணமலை வேறு, திருகோணமலை வேறு. டபிள்யூ உள்ள பெயரும் இல்லாத பெயரும் இரண்டு தனித்தனிப் பெயர்கள். ஒன்றுக்கு வழி எழுதினால் மற்றதற்குத் தானாக எழுதப்படாது. மாமியின் கதை அங்கேதான் பிசகியது.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. வேண்டாம் கட்சிக்காரரை நான் மடக்குவது இந்த இடத்தில்தான். டிஎன்எஸ் பதிவில் ஒரு பெயருக்கு நேராக எண்ணை எழுதலாம். அல்லது 'இவர் இன்னாரின் மறுபெயர், அவரிடம் கேளுங்கள்' என்று எழுதிவைக்கலாம். இந்த மறுபெயர் வசதிக்குச் சீநேம் என்று பெயர். 1987 இல் வந்த விதியின்படி, மறுபெயர் எழுதிய இடத்தில் வேறு எந்தப் பதிவும் இருக்கக் கூடாது. வெறும் பெயரில் ஏற்கெனவே கட்டாயப் பதிவுகள் இருக்கும். அந்தப் பெயரின் பொறுப்பு எந்தச் சேர்வரிடம் என்பதை அங்கேதான் எழுத வேண்டும். ஆகவே வெறும் பெயருக்கு மறுபெயர் வைக்க முடியாது, எண்ணைத்தான் எழுத வேண்டும். தளத்துக்கு வாடகைக்கு இடம் கொடுத்த நிறுவனம் எண்ணை மாற்றினால் நீங்களும் ஓடிப்போய் மாற்ற வேண்டும். மூன்று டபிள்யூ இருந்தால் அந்தப் பெயருக்கு மறுபெயரைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். உலகின் பல மூலைகளில் சேர்வர் வைத்து, கேட்பவருக்குப் பக்கத்தில் இருப்பதிலிருந்து பக்கத்தைக் கொடுக்கும் சேவைகளுக்கு இது பெரிய வசதி. இப்போது சில நிறுவனங்கள் வெறும் பெயருக்கும் ஏதோ குறுக்குவழி வைத்திருக்கின்றன. எல்லோரிடமும் அது இல்லை. குக்கி, அதாவது தளம் உங்கள் உலாவியில் விட்டுவைக்கும் சின்னக் குறிப்பு, அதன் விஷயத்திலும் இப்படி ஒரு சங்கடம் உண்டு. வெறும் பெயருக்கென்று பொதுவாக வைத்த குக்கி அதன் கீழுள்ள எல்லாப் பெயர்களுக்கும் போய்ச் சேரும். மாமியின் நான்கு அறைக்கு அது தேவையில்லாத கவலை.

பெரியவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் அங்கேயும் இரண்டு கட்சிதான். கணினியில் முகநூலைத் திறந்து மேலே முகவரிப் பட்டையைச் சொடுக்கிப் பாருங்கள். அது மூன்று டபிள்யூவோடுதான் நிற்கிறது. நீங்கள் இல்லாமல் தட்டினாலும் அதுவே சேர்த்துக்கொள்ளும். கூகுளும் அப்படித்தான். கிட்ஹப் நேர்மாறு, நீங்கள் போட்டாலும் கழற்றிவிடும். எது தலைவாசல் என்பதை அவர்கள் தீர்மானித்துவிட்டு, மற்ற வாசலால் வருபவரைக் கையைப் பிடித்து அங்கே அழைத்துப் போகிறார்கள். 301 என்ற குறியீட்டில் ஒரு நிரந்தரத் திருப்பம், அவ்வளவுதான்.

மாமியின் தளத்துக்கும் அதைச் செய்யச் சொன்னேன். செய்ததும் பழைய வெறும் பக்கம் போய், சிவப்பில் ஓர் எச்சரிக்கைப் பக்கம் வந்து குதித்தது. இது அந்தப் பெயருக்குரிய தளம்தான் என்று உலாவிக்கு உறுதி சொல்லும் பாதுகாப்புச் சான்றிதழில் டபிள்யூ உள்ள பெயர் மட்டும் இருந்தது. வெறும் பெயரையும் சான்றிதழில் சேர்க்க வேண்டும் என்று அந்த இளைஞருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போலும். திறக்காத கதவைக் கண்டால் விருந்தாளி திரும்பிப் போவார். 'உங்கள் கடவுச்சொல் திருடப்படலாம்' என்று எழுதிய கதவைக் கண்டால் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போவார்.

சரி, இவையெல்லாம் உள்வீட்டு வேலைகள். என் தொழில் பலகையும் கார்டும். எங்கள் ஊர்ப் பெயர்ப் பலகையைப் பாருங்கள். சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழியில் எழுதி, கடைசியில் இணைய முகவரிக்கு ஒரு வரி. பலகையிலேயே மொழி மாறாத வரி அது ஒன்றுதான். அதன் தலையில் மூன்று டபிள்யூ நின்றால், ஆங்கிலம் எழுத்துக்கூட்டத் தெரியாதவருக்கும் 'இது கைப்பேசியில் தட்டிப் பார்க்கும் சங்கதி' என்று தெரியும். வாசிக்கத் தேவையில்லாத ஓர் அடையாளம், கோவில் வாசலில் வாழைமரம் கட்டியிருப்பதைப் போல. இந்த அடையாளத்தின் பலம் எவ்வளவு என்றால், மின்னஞ்சல் முகவரிக்கு முன்னாலும் அதைப் போடச் சொல்லி மாதத்துக்கு ஒருவராவது என் கடைக்கு வருகிறார்.

இதை மறைக்கிறேன் என்று கிளம்பிய குரோம் உலாவியின் மேல்தான் எனக்குக் கோபம். 2018 செப்டெம்பரில் வந்த 69 ஆம் பதிப்பில் முகவரிப் பட்டையிலிருந்து மூன்று டபிள்யூவை ஒளித்தார்கள். முகவரிக்கு நடுவில் நின்றதைக்கூட விட்டு வைக்கவில்லை. எதிர்ப்பு வந்ததும் திரும்பப் போட்டார்கள். அடுத்த வருடமே 76 ஆம் பதிப்பில் மறுபடி ஒளித்தார்கள். இரண்டு வெவ்வேறு பெயர்களை ஒரே பெயர் போலக் காட்டுவது சௌகரியமாக இருக்கலாம். என்னைப் போன்றவன் கார்டில் எதை அச்சடிப்பது என்று பட்டையைப் பார்த்து எழுதும்போது அந்தச் சௌகரியம்தான் குழியில் தள்ளியது. அன்றைக்கு மாமியின் தளம் திறந்திருந்த பட்டையில் டபிள்யூ தெரியவில்லை. தெரிந்திருந்தால் வெட்டுவதற்கு முன் ஒரு கணமாவது யோசித்திருப்பேன். கணினியில் குரோம் வைத்திருப்பவர்கள் முகவரிப் பட்டையில் வலப்பக்கச் சொடுக்குப் போட்டு, முழு முகவரியையும் எப்போதும் காட்டும்படி மாற்றிக்கொள்ளலாம். நான் மாற்றிவிட்டேன்.

என் கட்சி ஆட்டங்காணும் ஓர் இடமும் உண்டு. தமிழ் முகவரிகள். இலங்கை முகவரிகளின் முடிவில் வரும் டொட் எல்கே 1990 இலேயே வந்துவிட்டது. 2010 இல் டொட் இலங்கை என்று தமிழிலேயே முடியும் முகவரிகளுக்கும் அனுமதி கிடைத்தது. உள்ளே அவை எக்ஸ், என் என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றப்பட்டுத்தான் பயணிக்கின்றன. அது நமக்குத் தெரிய வேண்டியதில்லை. புறாமலை டொட் இலங்கை என்று ஒருவர் புறாமலைத் தீவுக்கான படகுச் சவாரிக்குத் தளம் வைப்பதாகக் கற்பனை செய்யுங்கள். முன்னால் மூன்று டபிள்யூ போட்டால், தட்டுபவர் ஆங்கில விசைப்பலகையில் தொடங்கி நடுவழியில் தமிழுக்கு மாற வேண்டும். தமிழில் முகவரி வைத்த பயனே போய்விடும். எடுத்துவிட்டால்? பலகையில் 'புறாமலை.இலங்கை' என்று நிற்கும். அதைப் பார்க்கும் எவரும் அதை ஊர் விலாசம் என்றுதான் நினைப்பார்கள். புறாமலை, இலங்கையில்தானே இருக்கிறது! அச்சடிப்பவர் காற்புள்ளிக்குப் பதில் முற்றுப்புள்ளி வைத்துவிட்டார் என்று என்னைத்தான் திட்டுவார்கள்.

ஒரு நண்பர், மூன்று டபிள்யூவுக்குப் பதில் 'வலை' என்று தமிழிலேயே முன்னால் வைக்கலாமே என்றார். தொழில்நுட்பப்படி முடியும், டபிள்யூவுக்கு மட்டும் தனி வரம் ஒன்றும் கிடையாது, எந்தப் பெயரையும் வைக்கலாம். ஆனால் கடலோரத்தில் 'வலை புறாமலை' என்று பலகை வைத்தால் மீன் வாங்கத்தான் ஆட்கள் வருவார்கள்.

மாமியின் இந்த வருடக் கார்டுகள் போன கிழமை அடித்து முடிந்தன. மூன்று டபிள்யூவோடுதான். பெயரை இரண்டு வரியாக மடக்கி இடம் கண்டேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் இரண்டு முகவரிகளையும் என் கைப்பேசியில் ஒருமுறை, பக்கத்துத் தேநீர்க் கடைப் பையனின் கைப்பேசியில் ஒருமுறை தட்டிப் பார்த்தேன். பழைய கார்டில் நீலப் பேனா எழுத்தோடு நாலைந்து மிஞ்சியிருந்தது. வாசலில் ஒரு பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தேன். கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று பெட்டியோடு மென்றுகொண்டு நின்றது. ஒன்றை மட்டும் காப்பாற்ற முடிந்தது. மேசைக் கண்ணாடியின் கீழ் வைத்திருக்கிறேன்.

நாளைக் காலையில் ஒரு பனர் கொடுக்க வேண்டும். ஓர்டர் கொடுத்த ஐயா இப்போதுதான் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருக்கிறார். மின்னஞ்சலுக்கு முன்னாலும் மூன்று டபிள்யூ மறக்க வேண்டாமாம், கொஞ்சம் பெரிதாகப் போட வேண்டுமாம். அவரோடு எப்படிப் பேசுவதென்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.