பக்கத்து வீட்டாரின் மீட்பு யார் கணக்கில்?

மத நல்லிணக்க விழாக்களுக்கு நான் எதிரியில்லை. மூன்று மதத்தாரும் ஒரே மேடையில் பொன்னாடை போர்த்திக்கொண்டு படம் எடுத்துக்கொள்வதில் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் கிறிஸ்தவர்களாகிய நமக்குச் சோதனை அந்த மேடையில் இல்லை, நம் பிரசங்கத்தில் இருக்கிறது. வெளியாள் யாரும் இல்லாத நேரத்தில் வேற்று மதத்தாரான பக்கத்து வீட்டாரைப் பற்றி நாம் என்ன பேசிக்கொள்கிறோம்?

நம் சில தியானக் கூட்டங்களில், அதாவது செபமும் பிரசங்கமும் நடக்கும் கூட்டங்களில், பேசப்படுவதைக் கேட்டால் வயிறு எரிகிறது. அவர்கள் கும்பிடுவது பேய், கொடுக்கும் பொங்கலைத் தொடக்கூடாது, போகுமிடம் நரகம். கத்தோலிக்க மேடைகளிலேயே இதைக் கேட்டிருக்கிறேன். பேசியவர்கள் தங்கள் திருச்சபையின் போதனையையாவது படித்திருக்கலாம்.

திருச்சபைக்கு வெளியே இருப்பவர்கள் நித்திய நெருப்புக்கே போவார்கள் என்று 1442-இல் புளோரன்ஸ் சங்கம் என்ற ஆயர்களின் பேரவை எழுதிவைத்தது உண்மைதான். ஆனால் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று, 2,221 வாக்குகளுக்கு 88 என்ற கணக்கில், 'நோஸ்ட்ரா ஏத்தாத்தே' அறிக்கையை நிறைவேற்றியது. இந்து, பௌத்தம் முதலிய சமயங்களில் உண்மையாகவும் தூயதாகவும் இருக்கும் எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்கிறது அது. ஐந்தே பகுதிகள் கொண்ட சின்ன ஆவணம்.

இந்த மாற்றம் பெருந்தன்மையால் மட்டும் வந்ததில்லை. நாஜிகளிடம் மனைவியையும் மகளையும் பறிகொடுத்த பிரெஞ்சு யூத வரலாற்றாசிரியர் ஜூல் இசாக், 1960 ஜூனில் திருத்தந்தை (போப்) 23-ஆம் யோவானைச் சந்தித்து, யூத வெறுப்பில் கிறிஸ்தவப் போதனைக்கு இருந்த பங்கை எடுத்துச்சொன்னார். யூதர்களைப் பற்றிய அந்த அக்கறையில் முளைத்ததுதான் இந்த அறிக்கை. திருத்தந்தையும் அதை முன்பே உணர்ந்தவர்தான். புனித வெள்ளி மன்றாட்டில் யூதர்களை இழித்துரைத்த அடைமொழியை 1959-லேயே நீக்கியிருந்தார். 1963 புனித வெள்ளியன்று, அவர் முன்னிலையில், பழைய பழக்கத்தில் அந்த அடைமொழியோடே மன்றாட்டு பாடப்பட்டது. அவர் வழிபாட்டை நிறுத்தி, அது இல்லாமல் மறுபடி பாடச் செய்தார். அத்தனை பேர் நடுவில் அப்படித் திருத்துவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். நம் மேடைகளில் ஒலிபெருக்கியைப் பிடித்திருப்பவரை இப்படி யார் நிறுத்துகிறார்கள்?

இன்னொரு பக்கம், 'எல்லா மதமும் ஒன்றுதான்' என்று சொல்லிக் கடந்துவிடுவதும் எனக்கு உவப்பில்லை. இயேசுவே மீட்பர் என்று நம்புகிறவன் நான். அதை மறைத்துத்தான் பக்கத்து வீட்டாரோடு பழக வேண்டுமென்றால் அந்த நட்பில் ஏதோ கோளாறு. நல்ல மனத்தோடு வாழும் பிற சமயத்தாரை 'பெயரில்லாக் கிறிஸ்தவர்' என்றார் இறையியலாளர் கார்ல் ராணர். அன்பாகச் சொன்னதுதான், இருந்தாலும் எனக்கு ஒட்டவில்லை. 'உங்களுக்கே தெரியாமல் நீங்கள் சிவபக்தர்' என்று யாராவது என்னிடம் சொன்னால் நான் மகிழ்ந்துபோவேனா?

எனக்குப் பிடித்தது இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வேறொரு வரி. கிறிஸ்துவின் பாஸ்கா மறைபொருளில், அதாவது அவருடைய சாவிலும் உயிர்ப்பிலும், பங்குபெறும் வாய்ப்பைத் தூய ஆவியார் எல்லாருக்கும் தருகிறார், அது கடவுளுக்கே தெரிந்த முறையில் நடக்கிறது என்கிறது அதன் 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற ஆவணம். யார் மீட்படைவார் என்ற கணக்கை நம் கையிலிருந்து வாங்கி, உரியவரிடமே கொடுத்துவிடுகிறது.

இது ஏதோ நவீனச் சலுகை என்று நினைப்பவர்கள் லூக்கா நற்செய்தியின் 7-ஆம் அதிகாரத்தைத் திறக்கலாம். இஸ்ரயேலரிடமும் இத்தகைய நம்பிக்கையைக் கண்டதில்லை என்று இயேசு வியந்தது ஒரு ரோமை நூற்றுவர் தலைவரை. தம் வீட்டுக்குள் இயேசு வரத் தாம் தகுதியற்றவர் என்று அவர் சொன்னதைத்தான் ஒவ்வொரு திருப்பலியிலும் நற்கருணை வாங்குமுன் நாம் சொல்கிறோம். வேற்று இனத்தவர் ஒருவரின் சொற்களை வாயில் வைத்துக்கொண்டு நற்கருணை வாங்கிவிட்டு, வெளியே வந்து யாரை நரகத்துக்கு அனுப்புகிறோம்?

அப்படியானால் நற்செய்தி அறிவிப்பு எதற்கு என்று கேட்பார்கள். கிறிஸ்துவை ஓயாமல் அறிவிக்கவேண்டும் என்பதும் 'நோஸ்ட்ரா ஏத்தாத்தே' அறிக்கையில், பிற சமயங்களின் உண்மையை ஒதுக்குவதில்லை என்று சொல்லும் அதே பகுதியில்தான் இருக்கிறது. அறிவிப்பதற்கு வசை தேவையில்லை. பங்குத்தந்தையர் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: அடுத்த தியானத்துக்குப் பேச்சாளரை அழைக்கும்போது, அந்த ஐந்து பகுதிகளையும் படித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.