கரன்ட் என்றால் ஓட்டம்

ஆங்கிலச் சொற்களுக்கு அர்த்தம் நெட்டுருப் போடும் பிள்ளைகளின் நோட்டைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. 'கரன்ட்' என்று எழுதி, எதிரே மின்சாரம், நீரோட்டம், தற்போதைய, நடப்பு என்று வரிசையாக இருக்கும். இவற்றுக்குள் என்ன உறவு என்று யாரும் சொல்லித் தருவதில்லை. வேரைச் சொல்லிக் கொடுத்தால் மனப்பாடமே வேண்டாம்.

அந்த வேர் லத்தீனின் 'குர்ரெரே', அதாவது ஓடுதல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது கரன்ட் என்றால் 'ஓடுகிற', அவ்வளவுதான். ஓடும் தண்ணீர் கரன்ட். ஓடிக்கொண்டிருக்கும் மாதமும் கரன்ட். கைமாறி ஓடும் காசு கரன்சி. கூரியர் என்றால் ஓடித் தூது கொண்டுபோகிறவர். காரிடாரும் கம்ப்யூட்டர் கர்சரும் இதே வேர்தான். கேக்கில் போடும் உலர்திராட்சையான கரன்ட் மட்டும் இந்தக் குடும்பம் இல்லை. எழுத்து சற்று வேறு. கொரிந்து என்ற கிரேக்க நகரத்தின் பெயரிலிருந்து வந்தது.

சரி, மின்சாரத்துக்கு ஏன் ஆற்றின் சொல்? 18ஆம் நூற்றாண்டில் அதை ஆராய்ந்தவர்கள், பெஞ்சமின் பிராங்க்ளின் உட்பட, மின்சாரத்தைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு திரவமாகவே கருதினார்கள். திரவம் என்றால் ஓட வேண்டுமே! கம்பிக்குள் நிஜமாகவே நகரும் நுண்துகளான எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டது 1897இல்தான். அதற்குள் பெயர் நிலைத்துவிட்டது. உண்மையில், டார்ச் லைட்டுக்குள் இருக்கும் செம்புக் கம்பியில் எலக்ட்ரான்கள் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் கூட முன்னேறுவதில்லை. நம் வீட்டு வயரிலோ அவை நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அசைகின்றன. ஆனாலும் சுவிட்சைத் தட்டியதும் விளக்கு எரிகிறது, ஏனென்றால் கம்பி நெடுக அவை கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் தள்ளப்படுகின்றன. ஓட்டம் என்ற சொல்லை விளக்காமல் இதை எப்படிப் புரியவைப்பது?

இயற்பியல் வகுப்பில் கரன்ட்டுக்கு 'சி' போடாமல் 'ஐ' போடுவதும் இப்படித்தான். மின்னோட்டத்தின் வலிமையைப் பிரெஞ்சில் 'அன்தான்சிதே' (intensité) என்பார்கள். பிரெஞ்சு விஞ்ஞானி ஆம்பியர் பயன்படுத்திய அந்தச் சொல்லின் முதல் எழுத்துதான் ஐ. எத்தனை மாணவர்களுக்கு இது தெரியும்?

தமிழிலும் மின்னோட்டம், நீரோட்டம், ரத்த ஓட்டம் என்று ஓட்டத்தைத்தான் வைத்திருக்கிறோம். காலத்துக்கு வரும்போது மட்டும் 'நடப்பு ஆண்டு', 'நடப்புக் கணக்கு'. ஆங்கிலத்தில் ஓடுகிற ஆண்டு தமிழில் நடக்கிறது. பணத்துக்கு அப்புறம் 'புழக்கம்' என்ற அழகான சொல் தனியாக இருக்கிறது. இரண்டு மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பிள்ளைக்கு இரண்டுமே பிடிபடும்.

ஆசிரிய நண்பர்களே, 'எக்ஸ்கர்ஷன்' என்பதிலிருந்து ஆரம்பித்துப் பாருங்கள். 'எக்ஸ்' என்றால் வெளியே, மீதி ஓட்டம். வெளியே ஓடுவது! அதைக் கேட்ட பிள்ளைகளிடம் 'ரெ' என்றால் மறுபடி என்று மட்டும் சொல்லுங்கள், 'ரெக்கர்' (recur) என்றால் என்ன என்று தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.