முனைவர் பட்டமும் நீல எல்இடியும்

"ஜப்பானியப் பொறியாளர் ஷூஜி நாகமுரா முனைவர் பட்டம் இல்லாமல், தனியாளாக நீல எல்இடியைக் கண்டுபிடித்தார், மெல்லிய படல ஆராய்ச்சிக்குப் படிப்பெல்லாம் வீண்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி.

நிச்சியா என்ற ஜப்பானிய நிறுவனத்தில் அந்த வேலையைத் தொடங்கியபோது அவரிடம் முதுகலைப் பட்டம்தான் இருந்தது, உண்மை. ஆனால் 1988இல் புளோரிடாவுக்குப் போய் ஏறக்குறைய ஓராண்டு எம்ஓசிவிடி முறையை, அதாவது சூடான தட்டின் மேல் வாயுக்களை வினைபுரிய வைத்து மெல்லிய படிகப் படலம் வளர்க்கும் முறையை, கற்றுவந்தார். 1994இல் தொகுஷிமா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் வாங்கினார்.

தனியாள் என்பதும் தவறு. சஃபையர் (நீலக்கல்) தட்டின் மேல் அலுமினியம் நைட்ரைடை இடைப்படலமாக இட்டு, நீல எல்இடிக்கு அடிப்படையான குறைக்கடத்தியான காலியம் நைட்ரைடின் நல்ல படிகத்தை 1986இல் வளர்த்தவர்கள் நகோயா பல்கலைக்கழகத்தின் அகசாகியும் அமனோவும். எல்இடி ஒளிரத் தேவையான பி-வகைப் படலத்தையும் (நேர்மின் துளைகள் மின்சாரத்தைக் கடத்தும் அடுக்கு) 1989இல் அவர்களே, எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி, முதலில் காட்டினார்கள். 2014 நோபல் பரிசு மூவருக்கும் சேர்த்துத்தான்.

நாகமுராவின் பங்கும் சின்னது இல்லை. ஏறத்தாழ 1000 டிகிரி சூட்டில் வாயு சஃபையர் மேல் படியாமல் மேலே கிளம்பிவிடும். அவர் மேலிருந்து இன்னொரு வாயு ஓட்டத்தை விட்டு அதைக் கீழே அமுக்கினார். அதற்காகக் குழாயை வெட்டி, ஒட்டி, கருவியைத் தன் கையாலேயே மாற்றியமைத்தார். எலக்ட்ரான் கற்றை தேவையில்லை, வெறுமனே சூடாக்கினாலே படலத்தில் சிக்கித் தடையாக இருக்கும் ஹைட்ரஜன் வெளியேறி பி-வகை கிடைத்துவிடும் என்றும் காட்டினார்.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகள் அந்தக் குழாய் வேலையைக் கவனிக்கட்டும். பட்டம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், வெற்றிட பம்பையும் வாயுக் கசிவையும் நீங்கள்தான் பார்க்க வேண்டியிருக்கும்.