கணுக்கால் பயமும் கிரவல் தூசியும்

அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட வீரர் கோபி பிரையன்டின் பெயரில் வந்த நான்காவது சப்பாத்தைப் பற்றிய ஒரு கட்டுரையில், கழுத்து தாழ்வான சப்பாத்து கணுக்காலுக்கு ஆபத்து என்று ஒரு வரி வருகிறது. அதோடு எனக்கு உடன்பாடில்லை. இத்தாலியில் உதைபந்தாட்டம் பார்த்து வளர்ந்த மனிதர் கோபி. சட்டென்று திரும்பி ஓடுகிற உதைபந்தாட்டக்காரருக்கே உயரக் கழுத்து தேவைப்படவில்லை, எனக்கு எதற்கு என்றுதான் கேட்டார். வடிவமைப்பாளர் எரிக் அவார் அதைச் செய்து கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டுதான் கோபி 2009இல் தன் லேக்கர்ஸ் அணிக்குக் கிண்ணம் வாங்கிக் கொடுத்தார். கணுக்காலைக் காப்பது கழுத்துத் துணியை விட, குதிகால் அசையாமல் இருப்பதும் அடி அகலமாகத் தரையில் பதிவதும்தான்.

ஆனால் கட்டுரை தொடாத ஒன்று, தரை. அது மரத்தளத்துக்குச் செய்த சப்பாத்து. இங்கே கிளிநொச்சிப் பக்கம் நாங்கள் விளையாடுவது சீமெந்தில், அதுவும் வலைப்பந்துப் பிள்ளைகள் பயிற்சி முடித்த பிறகு. கிரவல் தூசி படிந்தால் எந்த அடியும் வழுக்கும். ஈரத்துணியை மிதித்துவிட்டுத்தான் இறங்குவோம். மென்மையான ரப்பர் என்றால் சீமெந்து அரம் மாதிரி ராவிவிடும். நான் ஆசைப்பட்டு வாங்கிய ஒரு சோடி (நிறுவனத்தின் பெயர் வேண்டாம்) ஒரு மாரிகூடத் தாண்டவில்லை.

2020இல் கோபி இறந்த பிறகும், அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத் தொடரான என்பிஏ வீரர்கள் பலர் அவருடைய சப்பாத்துகளையே போடுகிறார்கள். எங்கள் பெடியளுக்கோ அடி தடித்த, மலிவான சோடியே போதும்.