ஒரே நாளில் விளாதிமிரும் சுஸ்தாலுமா? தயவுசெய்து இப்படி விற்காதீர்கள்

காலை ஏழு மணிக்கு மாஸ்கோவில் பஸ் ஏற்றி, இரவு பத்து மணிக்கு மேல் கொண்டுவந்து இறக்கிவிடும் "விளாதிமிர்–சுஸ்தால் ஒரு நாள் உலா"வைப் போட்டவர்கள் ஒரு தடவையாவது உட்கார்ந்து கணக்குப் பார்த்திருப்பார்களா? இரண்டும் மாஸ்கோவுக்குக் கிழக்கே உள்ள பழைய ரஷ்ய ஊர்கள். மாஸ்கோவிலிருந்து விளாதிமிர் ஏறத்தாழ 185 கிலோமீட்டர். அங்கிருந்து சுஸ்தால் இன்னும் 30 கிலோமீட்டருக்குக் குறையாது. நான்கைந்து ஓட்டல் வாசலில் நின்று ஆள் ஏற்றுவதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். ஊர் எல்லையைத் தாண்டியதுமே பக்கத்து நகரான பாலஷிகாவில் நெரிசல். பதினொரு மணிக்கு விளாதிமிர் வந்து சேர்ந்தாலே பெரிய விஷயம். திரும்பும் வழி இதைவிட மோசம். கோடைக்கால ஞாயிறு மாலை என்றால் கிராமத்துத் தோட்டவீடுகளுக்குப் போன மாஸ்கோக்காரர்கள் எல்லாரும் அதே சாலையில்தான் வீடு திரும்புவார்கள். பதினைந்து மணி நேர நாளில் பாதி பஸ் இருக்கையிலேயே கழிகிறது. மிச்சத்தில் சாப்பாட்டுக்கு ஒன்றேகால் மணி, நினைவுப் பொருள் கடைக்கு முக்கால் மணி. எண்ணூறு வருஷத்துக் கல்லைப் பார்க்க எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டால் யாரும் பதில் சொல்வதில்லை.

இதில் வயிறு எரிவது ஒரு விஷயத்துக்கு. பஸ்ஸில் மைக்கைப் பிடித்தால் கைடு மூன்று மணி நேரம் விடாமல் பேசுவார். யூரி தோல்கொரூகி, அந்திரேய் பகல்யூப்ஸ்கி, வ்சேவலத் என்று இளவரசர்கள் வரிசையாக வருவார்கள், ஆண்டுகள் மழையாகக் கொட்டும். ஜன்னலுக்கு வெளியே பிர்ச் மரங்களைத் தவிர ஒன்றும் இல்லாதபோது அதெல்லாம் யார் காதில் ஏறும்? கடைசியில் அந்த இளவரசர்கள் கட்டிய சுவருக்கு முன்னால் நிற்கும்போது, "படம் எடுத்துக்கொள்ளுங்கள், பத்து நிமிடத்தில் பஸ்." கைடைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கையில் கொடுக்கப்பட்ட அட்டவணையே அப்படி.

விளாதிமிரில் இருக்கும் புனித திமீத்ரி ஆலயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1190-களில் வ்சேவலத் கட்டிய வெள்ளைச் சுண்ணாம்புக்கல் கட்டடம், ஒற்றைக் கும்பம். அதன் சுவர்களின் மேல்பாதி முழுக்கப் புடைப்புச் சிற்பம்: ஏறத்தாழ 600 கற்கள். சிங்கம், பறவை, குதிரை வீரர்கள், வால் செடியாகக் கிளைவிடும் விலங்குகள். நடு வளைவில் அரியணையில் தாவீது அரசர். தெற்குச் சுவரின் உச்சியில், இறக்கை உள்ள விலங்குகள் தூக்கிச் செல்ல, இரண்டு கையிலும் இரையைத் தூக்கிக் காட்டியபடி வானத்துக்கு ஏறுகிற மாவீரன் அலெக்சாந்தர். தேவாலயச் சுவரில் அவருக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்ற வேண்டாமா? வடக்குச் சுவரில் இடது மேல்மூலைக்குப் போனால் வ்சேவலத்தே உட்கார்ந்திருக்கிறார், மடியில் ஒரு குழந்தை, இரண்டு பக்கமும் மகன்கள். பிள்ளைகள் நிறைய என்பதால் "பெருங்கூட்டுக்காரர்" (பெரிய பறவைக்கூடு உடையவர்) என்றே அவருக்குப் பட்டப்பெயர். அந்தப் பெயரின் முழு அர்த்தமும் அந்த ஒரு கல்லில் இருக்கிறது. கூட்டமோ வந்த பக்கத்துச் சுவரைப் படம் பிடித்துவிட்டு அப்படியே திரும்பிவிடும். சுற்றி வர இருபத்தைந்து நிமிடம் போதும். சிற்பங்கள் உயரத்தில் இருப்பதால் ஒரு சின்ன பைனாகுலர் வேண்டும். இந்த இரண்டையும் தர முடியாதவர்கள் எதற்கு அங்கே பஸ்ஸை நிறுத்துகிறார்கள்?

பக்கத்தில் உஸ்பென்ஸ்கி பேராலயம். 1158–1160இல் எழுந்தது, 1185 தீக்குப் பிறகு விரிவானது. மாஸ்கோ கிரெம்ளினில் உள்ள அதே பெயர்கொண்ட ஆலயத்துக்கு முன்மாதிரியே இதுதான். 1408இல் ஓவியர்கள் அந்திரேய் ருப்லியோவும் தனீல் சோர்னியும் தீட்டிய இறுதித் தீர்ப்புச் சுவரோவியம் மேற்குப் பகுதியில், தலைக்கு மேலே வளைவுகளில் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் எல்லார் கண்ணும் எதிரே பளபளக்கும் தங்க முலாம் திருவுருவத் திரைக்குத்தான் ஓடும். அது 18-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. ருப்லியோவின் கீழேயே நடந்து போய், அண்ணாந்து பார்க்காமலே வெளியே வந்துவிடுகிறார்கள். "நில்லுங்கள், மேலே பாருங்கள்" என்று சொல்ல அரை நிமிடம் ஆகாது. வழிபாடு நடக்கும் ஆலயம் என்பதும் நினைவிருக்கட்டும். பெண்களுக்குத் தலையில் துணி வேண்டும், பூசை நேரத்தில் விளக்கம் சொல்ல முடியாது. இதை முந்தின நாளே சொல்லாமல் வாசலில் வந்து சொன்னால் துணிக்கு எங்கே போவது?

விளாதிமிருக்குப் பக்கத்தில் இருக்கும் நெர்ல் ஆற்றங்கரைத் தேவாலயம் அடுத்த ஏமாற்று. நிகழ்ச்சி நிரலில் பெயர் கட்டாயம் இருக்கும், முகப்புப் படமும் அதுதான். பகல்யூபவா ரயில் நிலையத்தருகே தண்டவாளத்தைக் கடந்து, புல்வெளியில் ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். பஸ் போகாது. போக வரவும் பார்க்கவும் நிதானமாக ஒன்றரை மணி நேரம். ஏப்ரலில் வெள்ளம் வந்தால் தேவாலயத்தைச் சுற்றித் தண்ணீர்தான். ஒரு நாள் உலாவில் இதற்கு இடமே இல்லை என்பது விற்கிறவர்களுக்கு நன்றாகவே தெரியும். "நேரம் இருந்தால்" என்று எங்கோ ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டுவிடுகிறார்கள்.

சுஸ்தாலுக்குள் நுழையும்போது மணி மூன்றைத் தாண்டியிருக்கும். டிசம்பர் என்றால் நான்கு மணிக்கு இருட்டு. ஊர் சின்னதுதான், பத்தாயிரம் பேர்கூட இருக்க மாட்டார்கள். ஆனால் தெற்கே அந்த ஊரின் கிரெம்ளினுக்கும் (கோட்டைக்கும்) வடக்கே ஸ்பாஸோ-எவ்ஃபீமியெவ் மடத்துக்கும் இடையே ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. அருங்காட்சியகங்களில் வாரவிடுமுறை இடத்துக்கு இடம் வேறு, மாதம் ஒரு நாள் துப்புரவு விடுமுறை வேறு. மூடுவதற்கு அரை மணிக்கு முன்பே டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். மழை பெய்து ஈரப்பதம் ஏறினால் சுவரோவியத்தைக் காக்க ஆலயத்தையே பூட்டுவதும் உண்டு. அது நியாயம். நியாயமே இல்லாதது, இருக்கிற வெளிச்சத்தில் முக்கால் மணி நேரத்தைத் தேன்மது ருசி பார்க்கும் கடைக்குக் கொடுப்பது. மெதவூஹா என்ற அந்தத் தேன்மது இருட்டிலும் இனிக்கும். சுஸ்தால் கிரெம்ளினில் இருக்கும் கன்னி மரியாளின் பிறப்புப் பேராலயத்துக் கதவுகள் இருட்டில் தெரியாது.

அந்தக் கதவுகள் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. செம்புத் தகட்டின் மேல் கறுப்புப் பூச்சு பூசி, ஊசியால் கீறிச் சித்திரம் வரைந்து, பாதரசத்தில் குழைத்த தங்கத்தைத் தடவிச் சூடாக்குவார்கள். பாதரசம் ஆவியாகிப் போகும், தங்கம் கீறிய கோடுகளில் மட்டும் தங்கும். கறுப்பில் பொன் கோடு! ஒரு முழ தூரத்தில் நின்று பார்த்தால்தான் கோட்டின் நடுக்கம்கூடத் தெரியும். கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற கைடுக்குப் பின்னால் நாற்பது பேர் ஓடும்போது அது வெறும் பழைய கதவு.

போக நினைப்பவர்கள் கேளுங்கள். மாஸ்கோவிலிருந்து விளாதிமிருக்கு "லாஸ்தச்கா" விரைவு ரயிலில் ஒன்றே முக்கால் மணி நேரந்தான். எந்த நிலையத்திலிருந்து கிளம்புகிறது என்பதை டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், எல்லாம் ஒரே இடத்திலிருந்து போவதில்லை. இறங்கினால் எதிரிலேயே பஸ் நிலையம், அங்கிருந்து சுஸ்தாலுக்கு ஒரு மணிக்குள் போகலாம். சுஸ்தால் பஸ் நிலையம் ஊர் நடுவில் இல்லை, கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு டாக்ஸி வேண்டும். கையில் ரூபிள் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வீசா, மாஸ்டர்கார்டு 2022 மார்ச்சிலிருந்து அங்கே வேலை செய்யாது. ஓர் இரவு சுஸ்தாலில் தங்குங்கள். முடியாது, ஒரே நாள்தான் என்றால் விளாதிமிரும் நெர்லும் மட்டும் போதும்.

உலாவே வேண்டும் என்பவர்கள் பணம் கட்டும் முன் ஒவ்வொரு இடத்திலும் எத்தனை நிமிடம் என்று எழுத்தில் வாங்குங்கள். கூடவே ஒரே ஒரு கேள்வி: "திமீத்ரி ஆலயத்தின் வடக்குச் சுவர் வரை கூட்டிப்போவீர்களா?"