அட்டவணை எனக்குச் சரிப்படவில்லை

வேலைக்கு இவ்வளவு, பொழுதுபோக்குக்கு இவ்வளவு, சாமிக்கு இவ்வளவு என்று நேரம் பிரித்து அட்டவணை போடச் சொல்கிறார்கள். நானும் போட்டுப் பார்த்தவன்தான், இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. இப்போது மூன்றையும் கலந்துவிட்டேன். மொட்டை மாடியில் 18 தொட்டி, காலை 5.30க்குத் தண்ணீர் ஊற்றும்போதே வாய் தன் பாட்டுக்குத் தேவாரம் முணுமுணுக்கும், பூஜை அறையில் தனியாக உட்காருவதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். பிரதோஷம் மாதம் இரண்டு முறை வருகிறது, மாலை 4.30 முதல் 6 வரை, அலுவலக நாளில் அதற்கு எங்கே போவது? தொட்டியில் வளர்ந்த அருகம்புல்லைக் காலையிலேயே நறுக்கி அம்மாவிடம் கொடுத்துவிடுவேன், நந்திக்குச் சாத்த அவர் கொண்டுபோவார். (நந்தி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.)

போன மாதம் செம்பருத்தி முழுக்க மாவுப்பூச்சி. வெட்டிப் போட்டுவிடு என்றார் பக்கத்து வீட்டு அக்கா, எனக்கு மனசு வரவில்லை. லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், வாரம் ஒருமுறை அடித்துக்கொண்டே இருந்தேன். இந்த வருடம் சம்பள உயர்வு இல்லை என்று சொல்லி அனுப்பிய அன்று சாயங்காலம் மாடிக்குப் போனால், கணுவில் அரிசி அளவுக்கு ஒரு மொட்டு. சரி, அதுவாவது வந்ததே என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.