எய்ட் தரவுத்தளத்தைத் தினமும் தானாகப் புதுப்பிக்காதீர்கள்
எய்ட் (AIDE) என்பது சர்வர் ஃபைல்களின் நிலையை ஒரு தரவுத்தளத்தில் பதிந்துவைத்து, பிறகு ஏதாவது மாறியிருந்தால் எச்சரிக்கும் கருவி. “அப்டேட் போட்டாலே எய்ட் எச்சரிக்கைகளைக் கொட்டுகிறது, தினமும் கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் வசதி) தரவுத்தளத்தைப் புதுப்பித்துவிட்டால் தொல்லை தீரும்” என்று சிலர் சொல்வது தவறு. தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். யாராவது சர்வருக்குள் நுழைந்து எஸ்எஸ்ஹெச்டி (தொலைவிலிருந்து லாகின் செய்ய உதவும் புரோகிராம்) பைனரியை மாற்றியிருந்தால், அது ஒரே ஒரு முறைதான் அறிக்கையில் வரும். அந்த மெயிலைத் தவறவிட்டால், மறுநாளிலிருந்து மாற்றப்பட்ட ஃபைல்தான் எய்டுக்குச் சரியான ஃபைல்.

சரி, என்ன செய்வது? அப்டேட்டுக்கு முன்னால் ஒரு எய்ட் சோதனை ஓட்டுங்கள், முடிந்த கையோடு இன்னொன்று. மாறிய ஃபைல்கள் அப்டேட்டில் வந்த பேக்கேஜ்களுடையவைதானா என்று பார்த்த பிறகே புதிய தரவுத்தளத்தைப் பழையதன் இடத்தில் வையுங்கள். நகல் ஒன்று வேறு சர்வரில் இருக்கட்டும். ரூட் (சர்வரின் முழு நிர்வாக அதிகாரம்) பறிபோனால் அதே சர்வரில் இருப்பதை நம்ப முடியாது. லாக் ஃபைல்கள்தான் தொல்லை என்றால் அந்த டைரக்டரிக்கு மட்டும் எய்டின் சோதனை விதியைத் தளர்த்துங்கள்.